நடுவில் காணாமல் போன 12 வருடங்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. ஏல நிறுவனம் ஒன்றின் கேட்லாக்கில் ஒரு ஜெர்மன் வெண்கலச் சிலை, பக்கத்தில் சிற்பியின் வாழ்க்கைக் குறிப்பு. 1936 வரை வருஷத்துக்கு ஒரு வரி. அடுத்த வரி 1949. நடுவில் 12 வருடம் மனிதர் உளியையே தொடவில்லை போலும்! "வாங்கலாமா சார்?" என்று அனுப்பியவர் அதைக் கவனிக்கவே இல்லை.

கலைப்பொருள்களின் பூர்வீகத்தைத் துருவுவதுதான் என் பிழைப்பு. ஹிட்லர் காலத்து ஜெர்மன் கலைஞர் என்றால் நான் முதலில் புரட்டுவது 1944-இல் ஹிட்லரும் அவருடைய பிரச்சார அமைச்சர் கோயபல்ஸும் தயாரித்த 'இறையருள் பெற்ற கலைஞர்கள்' பட்டியலை. 36 பக்கம், ஆயிரத்துக்கும் மேல் பெயர்கள். பெயர் இருந்தால் போர்முனையும் இல்லை, ஆயுதத் தொழிற்சாலையும் இல்லை. மற்றக் கலைஞர்களைப் போர் வேலைக்கு அனுப்பத் தியேட்டர்களையே இழுத்து மூடிய நேரம் அது.

இதைச் சொன்னால் உடனே, "பாவம், பயந்து பிழைத்தவர்கள். கலைஞனுக்கு என்ன அரசியல்?" கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சர்வாதிகாரியிடமிருந்து தப்பிக்க ஒளிந்த இடமல்ல அந்தப் பட்டியல், ஐயா. சர்வாதிகாரியே விரித்த குடை. பட்டியலில் இருந்த இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் மருமகள் யூதப் பெண். அவர் பயந்தார் என்றால் சரி, ஒப்புக்கொள்கிறேன். அதே பட்டியலில் இருந்த சிற்பி ஆர்னோ பிரேக்கருக்கு என்ன பயம்? ஹிட்லரின் மாளிகை முற்றத்துக்கு 'கட்சி', 'படை' என்று இரண்டு சிலைகள் வடித்தவர். ரீட்சன் ஊரில் இருந்த அவருடைய பட்டறையில் போர்க்கைதிகள் கல் செதுக்கினார்கள். 1948-இல் விசாரித்து, நாஜிகளோடு வெறுமனே 'கூடப் போனவர்' என்று 100 மார்க் அபராதத்தோடு விட்டுவிட்டார்கள். 1957-இல் ஜெர்மனியின் வூப்பர்டால் நகரத்தில் ஒரு பள்ளி வாசலில் அவர் செய்த கிரேக்க தேவதை அதீனா வந்து நின்றாள்!

பயம் என்றால் கார்ல்ராபர்ட் கிரைட்டனைக் கேட்க வேண்டும். பியானோ கலைஞர். ஹிட்லரைப் பற்றி வாய்விட்டதற்காக 1943-இல் 27 வயதில் தூக்கிலிட்டார்கள். தெரேசியன்ஸ்டாட் நாஜி முகாமில் அடைபட்டும் ஓபரா எழுதிய இசையமைப்பாளர் விக்டர் உல்மானை, பட்டியல் தயாரான அதே ஆண்டு அக்டோபரில் ஆஷ்விட்ஸில் கொன்றார்கள்.

வாங்குவதற்கு முன் தயவுசெய்து வருடங்களை விரல் விட்டு எண்ணுங்கள். 1937 முதல் 1944 வரை மியூனிக்கில் நடந்த அரசுக் கண்காட்சிகளின் பொருள்கள் படத்தோடு இணையத்தில் இருக்கின்றன. பலவற்றுக்கு வாங்கியவர் பெயரும் உண்டு. பத்து நிமிட வேலை. பட்டியலில் பெயர் இருப்பதாலேயே ஒருவரைக் குற்றவாளியாக்காதீர்கள். இல்லை என்பதால் சுத்தம் என்றும் நம்பிவிடாதீர்கள். விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள், போனில் அல்ல.

அப்புறம், அந்த வெண்கலச் சிலைக்காரரையும் கேட்கச் சொன்னேன். நேற்று பதில் வந்தது: அந்த ஆண்டுகளில் சிற்பி 'தன் பணியில் மூழ்கியிருந்தாராம்'.