யாருக்கு ஆபத்தில்லாத கிருமி?

1950 செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படை சான் பிரான்சிஸ்கோ கடலோரத்தில் ஒரு ரகசியச் சோதனை நடத்தியது. உயிரியல் தாக்குதல் நடந்தால் கிருமி ஊருக்குள் எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க, கப்பலில் இருந்து செராஷியா மார்செசென்ஸ் என்ற பாக்டீரியாவைக் காற்றில் தூவினார்கள். அது வளரும்போது சிவப்பாகத் தெரியும் என்பதால் கண்டுபிடிப்பது சுலபம். அதோடு, மனிதரை அது ஒன்றும் செய்யாது என்று அன்றைக்கு நம்பினார்கள். அதன் பிறகு அந்த ஊர் மருத்துவமனை ஒன்றில் 11 பேருக்குச் செராஷியா தொற்று கண்டது. ஒருவர் இறந்தார், அவர் அப்போதுதான் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். தூவிய கிருமிதான் காரணம் என்பது நீதிமன்றத்தில் நிரூபணமாகவில்லை. ஆனால் அந்த நம்பிக்கை தவறு என்பதில் இன்று சந்தேகமே இல்லை.

செராஷியா மண்ணிலும் தண்ணீரிலும் ஈரமான குளியலறையிலும் சாதாரணமாக வளர்வது. சூடோமோனாஸ் கை கழுவும் தொட்டியின் வடிகாலில் கிடக்கும். ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் நம் எல்லோர் தோலிலும் குடியிருக்கிறது. திடமான உடம்பை இவை அநேகமாகத் தொந்தரவு செய்வதில்லை. பாதுகாப்பில் எங்காவது ஓட்டை விழுந்தால்தான் நோயாக மாறுகின்றன. இதற்குச் சந்தர்ப்பவாதத் தொற்று என்று பெயர். அந்த ஓட்டை வெறும் தோலிலேயே இருக்கலாம்: ஒரு தீக்காயம், அல்லது ரத்தக் குழாய்க்குள் செருகிய பிளாஸ்டிக் குழாய். எபிடெர்மிடிஸ் அந்தக் குழாயின் மேல் வழவழப்பான படலம் கட்டி உள்ளே உட்கார்ந்துவிட்டால் ஆன்டிபயாடிக் சரியாக எட்டாது. பல நேரம் குழாயையே உருவி எடுக்க வேண்டியிருக்கும்.

ரத்தத்துக்குள் நடப்பது இன்னும் சுவாரசியம். பாக்டீரியாவை முதலில் விழுங்க ஓடி வருபவை நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள். இவற்றுக்கு ஆயுள் மிகக் குறைவு என்பதால் எலும்பு மஜ்ஜை தினமும் ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோஃபில்களைப் புதிதாக உற்பத்தி செய்துகொண்டே இருக்க வேண்டும். புற்றுநோய்க்குத் தரும் கீமோதெரபி, வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்கும்போது இந்த உற்பத்தியும் அடிபடுகிறது. வழக்கமாக மைக்ரோலிட்டருக்கு 1,500க்கு மேல் இருக்கும் எண்ணிக்கை, மருந்து ஏறி ஒன்றிரண்டு வாரத்தில் 500க்கும் கீழே போய்விடலாம். அதே மருந்து வாயிலும் குடலிலும் உள்சவ்வைப் புண்ணாக்குவதால், நோயாளியின் சொந்தக் குடல் பாக்டீரியாவே ரத்தத்துக்குள் நுழைகிறது.

இதில் ஒரு விபரீதம் உண்டு. சீழ் என்பது பெரும்பாலும் செத்த நியூட்ரோஃபில்கள்தான். அவை இல்லாத உடம்பில் புண் இருக்கும், சீழ் இருக்காது. நுரையீரலில் நிமோனியா இருந்தும் எக்ஸ்ரே சுத்தமாகத் தெரியலாம். பல நேரம் மிஞ்சும் ஒரே அடையாளம் காய்ச்சல் மட்டும். அதனால்தான் இவர்களுக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் நீடித்தாலே, எந்தக் கிருமி என்று தெரியும் முன்பே ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற்றுகிறார்கள். அப்புறம் வெள்ளணுக்கள் திரும்பி வந்து நுரையீரலில் கூடும்போது, சில நேரம் எக்ஸ்ரே முன்பைவிட மோசமாகத் தெரியும். உண்மையில் அது நல்ல செய்தியாகக்கூட இருக்கலாம்.

"எதிர்ப்புச் சக்தி குறைஞ்சிருச்சு" என்று பொதுவாகச் சொல்கிறோம், ஏதோ தொட்டியில் நீர்மட்டம் இறங்கியது போல. பானம் குடித்து அதை நிரப்பலாம் என்று விற்பவர்களுக்கு அது வசதி. ஆனால் எதிர்ப்பு மண்டலத்தில் எந்தப் பகுதி கெட்டதோ, அதற்கேற்ற கிருமிதான் வருகிறது. மண்ணீரலை எடுத்தவருக்குப் பயம், மேலே வழுக்கும் உறை போர்த்திய நிமோகாக்கஸ் போன்றவை. அவற்றை ரத்தத்தில் இருந்து வடிகட்டும் வேலை மண்ணீரலுடையது. எச்ஐவியால் சிடி4 என்ற வெள்ளணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 50க்கும் கீழே சரிந்தவருக்கு மைகோபாக்டீரியம் ஏவியம் வருகிறது. மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் இருப்பதுதான். நியூட்ரோஃபில்கள் எண்ணிக்கையில் சரியாக இருந்தும், விழுங்கிய கிருமியைக் கொல்லும் ஆக்ஸிஜன் ரசாயனங்களைத் தயாரிக்க முடியாத ஒரு பரம்பரை நோய் இருக்கிறது. அந்தக் குழந்தைகளைத் தேடி வரும் சிலவற்றில் செராஷியாவும் ஒன்று. காரணமில்லாமல் ஒரு குழந்தைக்குச் செராஷியா தொற்று வந்தால், மருத்துவர் இந்த நோய் இருக்கிறதா என்று சோதிப்பார்.

ஓட்டை எங்கே என்று தெரிந்தால் முன்கூட்டியே அடைக்கவும் முடிகிறது. மண்ணீரலை எடுக்க நாள் குறித்துவிட்டால், குறைந்தது 2 வாரம் முன்பே நிமோகாக்கஸ் தடுப்பூசி போட்டுவிடுகிறார்கள். முடக்குவாதத்துக்கு, டிஎன்எஃப் என்ற அழற்சி தூண்டும் புரதத்தைத் தடுக்கும் மருந்து தரும் முன், உடம்பில் உறங்கும் காசநோய் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்தக் கிருமியைச் சுற்றிக் கட்டிய செல் சுவர் கலையாமல் இருக்க டிஎன்எஃப் தேவை. எச்ஐவி மருந்தால் சிடி4 மறுபடி ஏறி நிலைத்துவிட்டால், ஏவியத்துக்கான தடுப்பு மருந்தை நிறுத்திவிடலாம், குழாய்த் தண்ணீரில் அந்தக் கிருமி அப்படியே இருந்தாலும்.