பயம் போகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

காரைக்குடியில் மனநல ஆலோசனை தருகிறேன். பதற்றத்தால் அவதிப்பட்டு என்னிடம் வருபவர்களில் பலர் ஏற்கெனவே ஈ.சி.ஜி., எக்கோ, தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். "டாக்டர் ஒண்ணும் இல்லைங்கிறார், ஆனா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, ராத்திரி தூக்கமே இல்லை" என்பார்கள். அதற்கும் முன்னால் கேஸ் என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்திருப்பார்கள். டெஸ்ட் எடுத்தது நல்லதுதான். தைராய்டு கூடுதலாகச் சுரந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும். புதிதாக நெஞ்சுவலி வந்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். ஆனால் ரிப்போர்ட் நார்மல் என்றதும் வீட்டில் எல்லோரும் "சும்மா மனசைப் போட்டுக் குழப்பிக்காதே" என்று முடித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அந்த மனிதர் வாயே திறப்பதில்லை.

நான் முதலில் கேட்பது, போன ஒரு வருஷத்தில் வீட்டில் என்னென்ன மாறியது என்பதைத்தான். 1967-இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் வாழ்க்கை மாற்றங்கள் 43-ஐப் பட்டியலிட்டு மதிப்பெண் போட்டார்கள். கணவனோ மனைவியோ இறப்பதற்கு 100. வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்கு 45, பிள்ளைகள் வீட்டைவிட்டுப் போவதற்கு 29. கல்யாணத்துக்கும் 50 கொடுத்திருக்கிறார்கள். நல்ல காரியமும் மனதுக்குச் சுமைதான். நம் பக்கத்தில் இதற்கெல்லாம் மேலே இன்னொன்றும் உண்டு. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, வாசல் முகப்பு, முற்றத்தோடு வளவு, அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும் வீட்டில் ஒரே ஆள்.

அப்படி ஒரு ஆச்சி, கானாடுகாத்தான் பக்கம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே சொல்கிறேன். அவர் கணவர், ஐயா, இறந்து சில மாதம் கழித்து, பேங்கில் வரிசையில் நிற்கும்போது வியர்த்துக் கொட்டி மூச்சு முட்டியிருக்கிறது. செத்துவிடுவோம் என்றே நினைத்துவிட்டார். பெரிய மகன் உடனே பேங்க் வேலையை எல்லாம் போனிலேயே பார்த்துக்கொண்டார். சின்னவர் வீட்டுக்குள் கேமரா வைத்தார். காய்கறி வாசலுக்கே வந்தது. எல்லாம் பாசம்தான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பேங்கை விட்ட ஆச்சி அப்புறம் பஸ்ஸை விட்டார், அப்புறம் பிள்ளையார்பட்டிக்குப் போவதை விட்டார். கடைசியில் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு இரண்டாம் கட்டுக்குப் போகவே பயம்.

பதற்றம் வளரும் வழியே இதுதான். ஒரு இடத்தைத் தவிர்த்தால் அந்த நிமிஷம் நிம்மதியாக இருக்கும். 'போகாததால்தான் தப்பித்தோம்' என்று மூளை அதைக் கற்றுக்கொள்ளும். அடுத்த முறை பயம் இன்னும் சீக்கிரம் வரும். கூட இருப்பவர்கள் அன்பினால் எடுத்துச் செய்யும் ஒவ்வொரு வேலையும், 'உன்னால் முடியாது' என்பதை அவருக்கு உறுதிப்படுத்திவிடுகிறது. நான் பார்க்கும் குடும்பங்களில் திட்டிக் கெடுத்தவர்களைவிடத் தாங்கிப் பிடித்தே கெடுத்தவர்கள் அதிகம். சொல்ல மனசு கஷ்டமாக இருக்கிறது, ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சரி, அப்படியானால் கைவிட்டுவிடுவதா? ஆச்சியின் மகன் இதையே கேட்டார். எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்து நகரத்தார் வீட்டு வழக்கத்தையே அவருக்கு நினைவுபடுத்தினேன். கல்யாணமான பிள்ளையை வேறு வைப்பார்கள். அதே வீடு, அதே வளவு, ஆனால் அடுப்பு தனி. பெரியவர்கள் சாமான் கொடுப்பார்கள், கூப்பிடு தூரத்தில் இருப்பார்கள், ஆனால் வந்து சமைத்துக் கொடுக்க மாட்டார்கள். குழம்பில் உப்பு கூடிப் போனால் கூடிப் போகட்டும். அம்மாவுக்கும் இப்போது அந்த மாதிரித் துணைதான் வேண்டும் என்றேன். அவருக்குச் சட்டென்று பிடிபட்டது.

ஆச்சியிடம் பஸ் ஏறுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஐயாவைப் பற்றித்தான் முதலில் பேசினோம். பேங்க் வேலை முழுக்க அவர் பார்த்தது, கையெழுத்து எங்கே போடுவது என்றுகூட ஆச்சிக்குத் தெரியாமல் இருந்தது, அதில் இருந்த வெட்கம். துக்கத்தை அவசரப்படுத்தக் கூடாது. அப்புறம் பயப்படும் இடங்களைக் குறைந்த பயத்திலிருந்து அதிகப் பயம் வரை அவரே வரிசைப்படுத்தினார். விளக்கு வெளிச்சத்தில் இரண்டாம் கட்டு, தெருமுனைக் கோயில், பக்கத்து வீட்டுப் பெண்ணோடு டவுன் பஸ், கடைசியில் பேங்க். ஒவ்வொன்றிலும் படபடப்பு வந்தவுடன் ஓடிவராமல் அது இறங்கும் வரை நிற்க வேண்டும். இந்தப் படபடப்பு பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானே இறங்கும். அதை ஒருவர் வாயால் சொல்லிக் கேட்டால் போதாது, உடம்பு அனுபவித்துத்தான் நம்பும். ஒருநாள் ஆச்சி வந்து, "பேங்க்ல நின்னேன் ஆத்தா, நெஞ்சு அடிச்சுது, அடிக்கட்டும்னு நின்னேன்" என்றார். படபடப்பு நிற்கவில்லை, ஆனாலும் பாஸ்புக்கில் வரவு போட்டுக்கொண்டுதான் வந்தார்.

வெளிநாட்டில் பல வருஷம் வேலை பார்த்துத் திரும்பிவரும் ஆண்களுக்கும் இந்தப் பதற்றம் வருகிறது. அவர்கள் பயம் என்று சொல்ல மாட்டார்கள், எரிச்சல் என்பார்கள். காலையில் எழுந்து போக இடம் இல்லை, வீட்டில் எல்லாம் அவர் இல்லாமலே ஓடிப் பழகிவிட்டது. இவர்களுக்கு அறிவுரையைவிட ஒரு பொறுப்பு வேண்டும். முன்னோருக்குச் செய்யும் படைப்பின் கணக்கோ, கோயில் திருப்பணியோ, பேரனை ஸ்கூலில் விடுவதோ, அவர் போகாவிட்டால் நடக்காது என்கிற ஒரு வேலை.

மாத்திரை பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். சிலருக்கு அவசியம் வேண்டும், அதை மனநல மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். பதற்றத்துக்கு நீண்டகாலத்துக்குத் தரும் மாத்திரைகள் பலன் காட்டச் சில வாரம் ஆகும், இரண்டு நாளில் நிறுத்திவிடாதீர்கள். அல்பிரசோலம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரைகள் உடனே கேட்கும், ஆனால் பழக்கமாகிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைக் காட்டி வாங்கிப் போடுவது ஆபத்து. பல மாதம் போட்டிருந்தால் மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

ஊர் சின்னது, யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. உங்கள் மனநலச் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. நேரில் வரத் தயக்கமென்றால் டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416-க்கு அழையுங்கள். 2022-இல் தொடங்கிய இலவசச் சேவை, தமிழிலும் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் அப்போதே அழையுங்கள். ஆலோசனைக்கு வருவதாக இருந்தால், உங்களுக்காக எல்லாவற்றையும் ஓடி ஓடிச் செய்யும் அந்த ஒருவரையும் ஒருமுறை கூட்டி வாருங்கள். பாதி வேலை அவரிடம்தான் இருக்கும்.