எல்.எஸ்.டி. போடணும் என்று வரும் தம்பிகளுக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது போதை மருந்து பற்றிய கட்டுரை இல்லை. லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் என்று கார்ப் பைத்தியங்கள் சொல்வார்களே, பின் சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சாமானைப் பற்றியது. கோத்தகிரியில் பட்டறை வைத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அம்பாசிடர், ஜீப், பிக்கப் என்று கிரவுன் பினியன் (என்ஜின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பல்சக்கர ஜோடி) எத்தனை இறக்கி ஏற்றியிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஆனால் இந்த எல்.எஸ்.டி. ஆசை புதுசு. பெங்களூரில் வேலை பார்க்கும் நம்ம ஊர்ப் பையன்கள் பழைய பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ் காரைப் பாதி விலைக்கும் குறைவாக வாங்கிக்கொண்டு மலைக்கு வருகிறார்கள். வந்த முதல் மழையிலேயே பட்டறைக்கும் வந்துவிடுகிறார்கள்.

போன ஐப்பசியில் வந்த தம்பியும் அப்படித்தான். வீடு ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், மெயின் ரோட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே ஏறும் பாதை, பாதி சிமெண்ட், பாதி செம்மண். "ஒரு சக்கரம் மட்டும் சுத்துதுண்ணா, இன்னொண்ணு வேடிக்கை பாத்துட்டு நிக்குது. எல்.எஸ்.டி. போட்டுடலாமா?" என்றான். வீடியோ எல்லாம் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். எந்த கம்பெனி, என்ன விலை, எத்தனை நாளில் வரும் என்பது வரை கையில் வைத்திருந்தான். நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு காருக்குப் பின்னால் போய் உட்கார்ந்து டயரைப் பார்த்தேன். அதை அப்புறம் சொல்கிறேன்.

வண்டி நேராகவே ஓடினால் டிஃபரன்ஷியலே வேண்டாம், ஒரே கம்பியில் இரண்டு சக்கரத்தையும் மாட்டிவிடலாம். திரும்பும்போதுதான் சிக்கல். 3 சீரிஸ் மாதிரி ஒரு காரின் பின் சக்கரங்களுக்கு இடையே சுமார் ஒன்றரை மீட்டர் இருக்கும். ஒரு கொண்டை ஊசி வளைவில் அரைவட்டம் அடித்தால், வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 4.7 மீட்டர் கூடுதலாக ஓடியாக வேண்டும். ஒன்றரையை 3.14-ஆல் பெருக்கிப் பாருங்கள், அவ்வளவுதான் கணக்கு. வளைவு சின்னதோ பெரிதோ இந்த வித்தியாசம் மாறாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது வரும் 14 கொண்டை ஊசிகளிலும், ஒருமுறை இடது சக்கரத்துக்கும் ஒருமுறை வலது சக்கரத்துக்கும் இந்த 4.7 மீட்டரை விட்டுக்கொடுத்து வாங்குவதுதான் உள்ளே இருக்கும் சின்ன கியர்களின் வேலை.

விட்டுக்கொடுக்கிற குணம் இருக்கிறதே, அதுதான் சேற்றில் காலை வாருகிறது. சாதா டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் ஒரே அளவு முறுக்கு விசைதான் கொடுக்கும். ஒரு சக்கரம் சேற்றில் 50 நியூட்டன் மீட்டர்தான் தாங்கும் என்றால், சிமெண்டில் நிற்கும் மற்றதுக்கும் அதே 50தான். மொத்தம் 100. நீங்கள் ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்தாலும் அந்த 100-க்கு மேல் தரையில் இறங்காது, சேற்றுச் சக்கரம் வேகமாகச் சுற்றி உங்கள் சட்டையில் சேறு அடிக்கும். எல்.எஸ்.டி. வந்தால், அதன் பங்கீட்டு விகிதம் (பிடியுள்ள சக்கரத்துக்கு மற்றதைப்போல் எத்தனை மடங்கு விசை அனுப்பும் என்பது) இரண்டரை என்று வைத்துக்கொள்வோம், பிடியுள்ள சக்கரத்துக்கு 125 வரை போகும். மொத்தம் 175. ஏற்றத்தில் இது பெரிய வித்தியாசம், மறுக்கவே இல்லை. 1930-களில் ஆட்டோ யூனியன் பந்தயக் காரில் ஒற்றைச் சக்கரம் சுற்றுகிற இதே தலைவலிக்காகத்தான் ஃபெர்டினாண்ட் போர்ஷே இப்படி ஒன்றைச் செய்து தரச் சொல்லி இசட்.எஃப். கம்பெனியிடம் போனார். ஆக, பழைய சரக்குதான்.

சரி, இறக்கத்துக்கு வருவோம். வீடியோக்களில் இந்தப் பகுதியை யாரும் காட்டுவதில்லை.

டயரிடம் இருக்கும் பிடி ஒரே ஒரு உண்டியல் மாதிரி. முன்னால் தள்ளுவதற்கும், பிரேக்குக்கும், வளைவில் பக்கவாட்டில் வழுக்காமல் நிற்பதற்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். சுற்ற ஆரம்பித்துவிட்ட டயரின் உண்டியல் காலி, பக்கவாட்டில் நிற்க அதனிடம் அநேகமாக ஒன்றும் மிச்சமிருக்காது. சாதா டிஃபரன்ஷியல் உள்ள கார், ஈரமான வளைவில் நீங்கள் கொஞ்சம் அதிகமாக மிதித்தால், உள்பக்கச் சக்கரத்தை மட்டும் வீணாகச் சுற்றவிடும். வெளிச்சக்கரம் தன் பாட்டுக்கு ரோட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். சத்தம் வரும், வேகம் வராது, ஆனால் காரின் பின்பக்கம் அதன் இடத்திலேயே இருக்கும். நமக்கு எரிச்சலாகத் தெரிகிற அந்த "வேடிக்கை பார்க்கும்" சக்கரம்தான் அந்த நேரத்தில் காவல்காரன். எல்.எஸ்.டி. போட்டபின் அதே வளைவில் அதே மாதிரி மிதித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடியை விடும், வால் பக்கவாட்டில் போகும். மைதானத்தில் இதற்குப் பெயர் டிரிஃப்ட். நம்ம ரோட்டில் பக்கத்தில் இருப்பது தடுப்புச் சுவர், சில இடத்தில் அதுவும் இல்லை.

கேத்தி, முத்தோரை பாலாடா பக்கம் கேரட் லாரிகள் தோட்டத்திலிருந்து ஏறும்போது டயரில் ஒட்டிய மண்ணை ரோட்டில் போட்டுக்கொண்டே போகும். அதன்மேல் தூறல் விழுந்தால் சோப்பு தடவிய மாதிரி. யூகலிப்டஸ் இலை, சில்வர் ஓக் சருகு, பனிமூட்டத்தில் கசியும் ஈரம், இதெல்லாம் வளைவில்தான் தேங்கும். டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா பக்கம் விடியற்காலை உறைபனி வேறு. பிடி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மோசமாக இருக்கும் இடத்தில் எல்.எஸ்.டி.யால் ஒரு லாபமும் கிடையாது. கல்லாறு தாண்டியதும் இரும்புச் சக்கரத்தின் பிடி 12-க்கு 1 ஏற்றத்துக்குப் போதாது என்று நம்ம மலை ரயில் பல்தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது பாருங்கள், காருக்கு அந்த வசதி இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு நாலு ரப்பர்த் துண்டு, அவ்வளவுதான் தரையோடு உறவு.

இதில் இன்னொரு வில்லங்கம், வாங்குகிற வகை. கிளட்ச் பிளேட் வைத்த எல்.எஸ்.டி.யில் ஒன்-வே, ஒன்-பாயிண்ட்-ஃபைவ்-வே, டூ-வே என்று மூன்று ரகம். ஒன்-வே ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போது மட்டும் இரண்டு சக்கரத்தையும் சேர்த்து இறுக்கும். டூ-வே காலை எடுத்தாலும் அதே மாதிரி இறுக்கும். நடுவில் இருப்பது காலை எடுக்கும்போது குறைவாக இறுக்கும். பந்தயக்காரர்களுக்கு டூ-வே பிடிக்கும், அதனால் இணையத்தில் அதற்குத்தான் புகழ். நாம் மலையில் எப்படி இறங்குகிறோம்? இரண்டாவது கியரில் போட்டு என்ஜின் பிரேக்கில் இறங்குகிறோம். கல்லட்டி மாதிரி 36 கொண்டை ஊசி உள்ள சாலையில் வேறு வழியும் இல்லை. என்ஜின் பிடித்து இழுக்கும்போது டூ-வே பின் சக்கரங்கள் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடும். அந்த 4.7 மீட்டரை அது சுலபத்தில் விட்டுக்கொடுக்காது. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகப் போகப் பார்க்கும். நானே ஒரு வாடிக்கையாளர் காரை டெஸ்ட் ஓட்டியபோது, ஈரத்தில், நடந்து போகிற வேகத்தில்தான், வளைவின் வெளி ஓரம் வரைக்கும் போய் நின்றேன். கை நடுங்கியது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் ரேடியோ நன்றாகப் பாடுகிறது என்று ஏதோ பேசிச் சமாளித்தேன்.

மலைக்கு என்று கேட்டால் நான் சொல்வது ஹெலிகல் (சாய்ந்த பல்) கியர் வகைதான். பிளேட் கிடையாது, தேய்வது குறைவு, இறுக்குவதும் மெதுவாக இருக்கும். அதற்கும் ஒரு குறை உண்டு. ஒரு சக்கரம் முழுக்க அந்தரத்தில் தூக்கிவிட்டால் பூஜ்யத்தை இரண்டரையால் பெருக்கினாலும் பூஜ்யம்தான், கார் நகராது. அந்த மாதிரி நேரத்தில் ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் நகரும், ஜீப் ஓட்டிய பெரியவர்களுக்கு இது தெரியும்.

தம்பியின் டயருக்கு வருவோம். பின்னால் இரண்டும் வேறு வேறு கம்பெனி. ஒன்றில் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர்க் கட்டை) ஓரளவு இருந்தது, மற்றது 1.6 மில்லிமீட்டர் தேய்மான அடையாளத்தைத் தொட்டுவிட்டது. பக்கச் சுவரில் டாட் (DOT) எழுத்துகளோடு வரும் கடைசி நாலு எண்ணைப் படித்துக் காட்டினேன், 3117. அதாவது 2017-ம் ஆண்டின் 31-வது வாரம் செய்த டயர். ரப்பர் கல்லாகிவிட்டது. இந்த டயரோடு எந்த டிஃபரன்ஷியல் போட்டாலும் பணம் தண்டம், அதைவிட மோசம், தேய்மானம் வேறுபட்ட இரண்டு டயருக்கு நடுவில் எல்.எஸ்.டி. நேர் ரோட்டில்கூட ஓயாமல் உரசிக்கொண்டு சூடாகும். இன்னொன்றும் கேட்டேன், "அந்த டி.எஸ்.சி. பட்டனை எப்பவாவது அமுக்கியிருக்கியா?" டி.எஸ்.சி. என்பது சக்கரம் வழுக்கும்போது என்ஜினை அடக்கி, பிரேக் பிடித்து காரை நிலையாக வைக்கும் அமைப்பு. அவன் காரில் அந்தப் பட்டனைச் சின்னதாக ஒருமுறை அமுக்கினால் டி.டி.சி. என்று ஒன்று வரும். என்ஜினை முழுக்க நெரிக்காமல் சக்கரத்தைக் கொஞ்சம் சுற்றவிடும், அதிகமாகச் சுற்றும் சக்கரத்தில் மட்டும் பிரேக் பிடித்து மறுபக்கத்துக்கு விசையை அனுப்பும். சேற்றுக்கு அதுதான் வேண்டும். "அது எதுக்குன்னே தெரியாதுண்ணா" என்றான். புது டயர் நாலும் போட்டு, அந்தப் பட்டனைச் சொல்லிக்கொடுத்து அனுப்பினேன். வீட்டுப் பாதையில் ஏறிவிட்டதாக அன்று ராத்திரியே போன்.

இருந்தாலும் ஆசை விடவில்லை, சித்திரையில் மறுபடி வந்தான். இந்த முறை செய்தோம். வேலையைப் பற்றிச் சிலது சொல்ல வேண்டும், ஏனென்றால் "போல்ட்டைக் கழற்றி மாட்டுவதுதானே" என்று கேட்கிறவர்கள் அதிகம். அவனுடையது ஈ90 என்கிற 3 சீரிஸ் தலைமுறை, அந்த ரகத்தில் வேகத்துக்கென்றே செய்த எம்3 தவிர மற்றதெல்லாம் சாதா டிஃபரன்ஷியலோடுதான் வந்தது. சில வண்டிகளில் கிரவுன் வீல் போல்ட்டில் இருக்காது, வெல்டிங் செய்து ஒட்டியிருக்கும். கழற்றிப் பார்க்காமல் சாமானுக்கு ஆர்டர் போட்டால் மாட்ட முடியாமல் நிற்க வேண்டியதுதான். மாட்டியபின் கிரவுனுக்கும் பினியனுக்கும் உள்ள பேக்லாஷை, அதாவது பற்களுக்கு நடுவே உள்ள சின்ன இடைவெளியை, சிம் தகடு மாற்றி மாற்றி வைத்து டயல் கேஜில் பார்க்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவிலான விஷயம் அது, அந்த வண்டிக்கு என்ன அளவோ அதைப் புத்தகத்தில் பார்த்து வைக்க வேண்டும், கையால் ஆட்டிப் பார்த்து "இது போதும்" என்று மூடினால் சில நூறு கிலோமீட்டரில் ஊளை ஆரம்பிக்கும். பல்லில் புளூ (நீலச் சாயம்) தடவி எங்கே உரசுகிறது என்றும் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு முழு நாள் ஆகும், மத்தியானமே முடித்துத் தருகிறேன் என்கிற பட்டறையில் காரை விடாதீர்கள். பழைய சாமான் கடையில் வாங்கிய கிளட்ச் எல்.எஸ்.டி. என்றால் பிளேட் தேய்ந்திருக்கிறதா என்று மாட்டுவதற்கு முன்பே பாருங்கள். தேய்ந்துபோனது சாதா டிஃபரன்ஷியல் மாதிரிதான் வேலை செய்யும், விலை மட்டும் எல்.எஸ்.டி. விலை.

ஆயிலிலும் கவனம். கிளட்ச் வகைக்கு அதற்கென்று உள்ள ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் கலந்த கியர் ஆயில் வேண்டும், இல்லாவிட்டால் மெதுவாகத் திருப்பும்போது பின்னால் கடகடவென்று உதறும். ஹெலிகலுக்கு அந்த மருந்து கலக்கவே கூடாது. இரண்டுக்கும் ஒரே டப்பாவை ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காசு மிச்சம் பிடிக்க உள்ளே இருக்கும் சின்ன கியர்களையே வெல்டிங் வைத்துத் தரச் சொல்லி இரண்டு பேர் கேட்டார்கள், திருப்பி அனுப்பிவிட்டேன். மலை ரோட்டில் அந்த வண்டியில் நான் ஏறக்கூட மாட்டேன். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றத்தை எழுதித் தெரிவித்துவிடுங்கள், மறைத்தால் கிளெய்ம் நேரத்தில் இழுபறி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் இருக்கிற விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, ஆகவே கூடவே என்ஜினையும் மாற்றிவிடலாம் என்று யாராவது ஆசை காட்டினால் யோசியுங்கள்.

கடைசியாக ஒன்று, இது என் தப்பு. பல வருஷத்துக்கு முன் பின்சக்கர பேரிங் சத்தம் என்று ஒரு வண்டி வந்தது. எப்போதும் செய்கிற மாதிரி ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கில் தூக்கி, பையனிடம் ஸ்டார்ட் பண்ணி கியரில் போடச் சொன்னேன். தூக்கிய சக்கரம் சுற்றும், தரையில் இருப்பது சும்மா இருக்கும், இதுதான் என் கைப்பழக்கம். அந்த வண்டியில் கிளட்ச் வகை எல்.எஸ்.டி. இருந்தது எனக்குத் தெரியாது. தரையில் இருந்த சக்கரத்துக்கும் விசை போய், வண்டி ஜாக்கைத் தள்ளிவிட்டுப் பாய்ந்து, வைஸ் மாட்டிய மேஜையில் முட்டி நின்றது. ஒரு நிமிஷம் முன்னால்தான் நான் அந்த மேஜைக்கும் பம்பருக்கும் நடுவில் நின்று ஸ்பேனர் தேடிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து பின்சக்கர டிரைவ் எதுவானாலும் இரண்டு பக்கமும் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, அப்புறம்தான் சாவியைத் தொடுவோம்.

தம்பி காரை எடுக்க வந்த அன்று டிரைவர் கதவின் உள்பக்கம், டயர் காற்றழுத்தம் எழுதியிருக்கும் அட்டைக்குக் கீழே, நானே ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன்: "எல்.எஸ்.டி. உண்டு. ஒரு பக்கம் மட்டும் தூக்கி கியர் போடாதே." அசிங்கமா இருக்குண்ணா என்று முகம் சுளித்தான். இரண்டு மாசம் கழித்து மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு பஞ்சர் கடைக்காரர் போன் செய்தார், ஸ்டிக்கரில் என் நம்பரும் இருந்தது. "அண்ணா, இது என்ன எழுதியிருக்குது, நான் இப்ப எப்படித் தூக்கறது?" என்று கேட்டார்.