ஏ.பி.யூ ஃபயர் டெஸ்ட் எண்டால் என்ன, தமிழில என்னெண்டு சொல்லலாம்

போன மாசம் எங்கட சொந்தத்துக்குள்ள ஒரு தம்பி, கட்டுநாயக்காவில பிளேன் திருத்திற வேலை பழகிறவன், வீட்ட வந்து நிக்கேக்க கதையோட கதையா "காலமை முதல் வேலை ஏ.பி.யூ ஃபயர் டெஸ்ட்தான்" எண்டு சொன்னான், பக்கத்தில இருந்த அம்மம்மா உடன "என்னடா, பிளேனுக்கு நெருப்பு வைச்சோ சோதிக்கிறியள்?" எண்டு கேட்டா. அவ கேட்டது சரியான கேள்வி. அதில ஃபயர் டெஸ்ட் எண்டதை அப்பிடியே தமிழாக்கினால் "நெருப்புச் சோதனை" எண்டுதான் வரும், கேக்கிற ஆருக்கும் நெருப்பைச் சோதிக்கினம் எண்டுதான் விளங்கும், ஆனால் அங்க நடக்கிறது வேற.

முதல்ல ஏ.பி.யூவைப் பாப்பம். ஆக்சிலரி பவர் யூனிட் எண்டதின்ர சுருக்கம். பிளேனின்ர வால் நுனியில ஒரு ஓட்டை தெரியும், அதுக்குள்ள இருக்கிற சின்ன டர்பைன் எஞ்சின்தான் அது. பறக்கிறதுக்கு அது உதவாது. பெரிய எஞ்சின் ரெண்டும் நிண்டுகொண்டிருக்கேக்க கரண்ட் குடுக்கும், உள்ளுக்க ஏசிக்குக் காத்துக் குடுக்கும், பெரிய எஞ்சினைச் சுத்தி ஸ்டார்ட் பண்ணிறதுக்கும் அமுக்கின காத்தைக் குடுக்கும். எயார்பஸ் ஏ320 பிளேனில பெரிய எஞ்சினின்ர ஜெனரேட்டரும் 90 கேவிஏ (எவ்வளவு கரண்ட் குடுக்கும் எண்டதின்ர அளவு), இந்தச் சின்னனின்ர ஜெனரேட்டரும் 90 கேவிஏ, ஆள் சின்னன் எண்டாலும் கரண்ட் குடுக்கிறதில குறைச்சல் இல்லை. 1963இல முதல் பறந்த போயிங் 727தான் இதை உள்ளுக்கயே வைச்சுக் கட்டின முதல் பயணிகள் ஜெட், வெளியில இருந்து ஸ்டார்ட்டர் வண்டி வரும் எண்டு காத்திருக்கத் தேவையில்லாமல் சின்ன எயார்போட்டுகளுக்கும் போய்வரலாம் எண்டதுக்காகச் செய்தது.

ஆக்சிலரி எண்ட சொல் லத்தீனில ஆக்சிலியம், உதவி எண்ட கருத்து. இதுக்குத் தமிழ் தேடி அலையத் தேவையில்லை, இலக்கணத்தில ஆக்சிலரி வேர்ப் எண்டுறதை நாங்கள் துணைவினை எண்டுதானே படிச்சனாங்கள், "வந்துவிட்டது" எண்டதில "விடு" துணைக்கு நிக்கிற மாதிரி. ஆகவே துணை. பவர் எண்டதுக்குத்தான் ஒரு சிக்கல். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில பவர் எண்டால் திறன், எனர்ஜி எண்டால் ஆற்றல். எங்கட பள்ளிக்கூடத்தில பவர் வலு, எனர்ஜி சக்தி. எனக்கு வலுதான் பிடிக்கும், பழகின சொல் எண்டதுக்காக மட்டுமில்லை, திறன் எண்டு சொன்னால் கெட்டித்தனம் எண்ட கருத்தும் கூடவே வந்திடும், வலு எண்டால் அந்தக் குழப்பம் இல்லை.

யூனிட்டுக்கு அலகு எண்டு போடுவினம். எங்கட பிள்ளையளுக்கு அலகு எண்டால் மீட்டர், கிலோகிராம், இல்லாட்டிப் பாடத்தின்ர பிரிவு. பொறி எண்டு வைப்பமோ எண்டு யோசிச்சன், வடிவான சொல், ஆனால் தீப்பொறியும் பொறிதான், நெருப்பைப் பற்றின ஒரு பெயருக்குள்ள பொறியைக் கொண்டுபோய் வைச்சால் வாசிக்கிறவன் கட்டாயம் தடக்குப்படுவான். அதால நேர இயந்திரம் எண்டே சொல்லுவம். துணைவலு இயந்திரம்.

இனி டெஸ்ட். எனக்கு நல்லாப் பிடிச்ச இடம் இதுதான். இங்கிலீசில டெஸ்ட் எண்டது முதல்ல ஒரு மண்சட்டி, பொன்னையும் வெள்ளியையும் அதுக்குள்ள உருக்கி எவ்வளவு சுத்தம் எண்டு பாக்கிற சட்டி. நாங்கள் சொல்லுற சோதனை வடமொழிச் சோதனம், சுத்தம் எண்ட சொல் பிறந்த அதே வேரில இருந்து வந்தது. ரெண்டு பாசையும் ஒண்டுக்கொண்டு தொடர்பில்லாமல் உலோகத்தைச் சுத்தம் பாக்கிற ஒரே இடத்தில வந்து நிக்குது. யாழ்ப்பாணத்தில அது "சோதினை"யாகிப் பள்ளிக்கூடச் சோதினைக்குப் போயிட்டுது. தனித்தமிழ் வேணும் எண்டால் உரைத்தல் கிடக்கு, கஸ்தூரியார் வீதியில நகைக்கடையில காப்பைக் கறுத்தக் கல்லில ஒருக்கா இழுத்து, அந்த மஞ்சள் கோட்டில மருந்துத் துளி விட்டுப் பாப்பினம், அதுதான் உரைத்துப் பாக்கிறது. ஆனால் பிளேனில நடக்கிறது உரைத்தலும் இல்லை, எங்கட சோதினையும் இல்லை. அது இடாப்புக் கூப்பிடுறது மாதிரி. வாத்தியார் பெயரைக் கூப்பிட, பிள்ளை "வந்திருக்கிறன்" எண்டு சொல்லோணும், சத்தம் வராட்டி ஆள் இல்லை.

ஆரின்ர பெயரைக் கூப்பிடுகினம்? ஏ.பி.யூவைச் சுத்தி மெல்லிசான உலோகக் குழாய் ஓடும், அதை லூப் எண்டு சொல்லுவினம், ஏ, பி எண்டு ரெண்டு இருக்கும். பரவலாப் பாவிக்கிற ஒரு வகையில குழாய்க்குள்ள ஈலியம் அடைச்சிருப்பினம். சூடு பிடிச்சால் வாயு விரிஞ்சு அமுக்கம் கூடும், குழாயின்ர நுனியில இருக்கிற சுவிச் மூடும், காக்பிட்டில மணி அடிக்கும். ஒரு இடத்தில மட்டும் கடுஞ்சூடு பட்டால் நடுவில இருக்கிற உலோகக் கூறு தன்னில ஏத்தி வைச்ச ஐதரசனை வெளிய விடும், அதாலயும் அமுக்கம் ஏறும். குழாய் வெடிச்சு வாயு போயிட்டால் அமுக்கம் இறங்கும், அதைப் பிடிக்க இன்னொரு சுவிச் தனிய இருக்கு. ரெண்டு லூப்பும் சேர்ந்து நெருப்பு எண்டால்தான் நெருப்பு, ஒண்டு பழுதெண்டால் மற்றது தனியச் சொல்லுறதே காணும்.

ஏ320இல காலமை ஏறின உடன முதல்ல பாட்டரி 25.5 வோல்ட்டுக்கு மேல நிக்குதோ எண்டு பாப்பினம், அதுக்குப் பிறகு தலைக்கு மேல இருக்கிற பலகையில ஏ.பி.யூ ஃபயர் டெஸ்ட் பட்டனை அமத்திப் பிடிப்பினம். உடன ஃபயர் பட்டன் சிவப்பா எரியும், பக்கத்தில நெருப்பணைக்கிற போத்தலுக்குரிய ஸ்குவிப், டிஸ்சார்ஜ் எண்ட எழுத்துகள் எரியும், பாட்டரி மட்டுமில்லாமல் ஏசி கரண்டும் வந்திருந்தால் மாஸ்டர் வார்னிங் எண்ட சிவப்பு எச்சரிக்கை விளக்கு மினுங்கும், மணியும் விடாமல் அடிக்கும். கையை எடுக்க எல்லாம் நிக்கும். வரவேண்டியதெல்லாம் வந்தால்தான் ஏ.பி.யூ ஸ்டார்ட் பட்டனில கை போகும். ஒரு துளி நெருப்பு இல்லை, நெருப்பணைக்கிற போத்தலும் திறக்காது.

ஏன் ஸ்டார்ட் பண்ண முதல் எண்டால், அந்த இயந்திரம் வாலுக்குள்ள, காக்பிட்டில இருந்து ஆருக்கும் தெரியாத இடத்தில ஓடுது. ஏ320 நிலத்தில நிக்கேக்க ஏ.பி.யூவில நெருப்புப் பிடிச்சால் அது தானாவே நிண்டு, போத்தலும் தானாவே அடிக்கும், ஆனால் அதெல்லாம் அந்தக் குழாய் சொன்னால்தான் நடக்கும். குழாய்க்கும் காக்பிட்டுக்கும் நடுவில வயர் அறுந்து கிடந்தால், பின்னால எரிஞ்சுகொண்டிருக்க முன்னால எல்லாம் அமைதியா இருக்கும்.

ஸ்குவிப் எண்டது போத்தலின்ர வாயை உடைக்கிற சின்ன வெடி. இங்கிலீசில முதல்ல அது வாணவெடிக்கு வைச்ச பெயர், எங்கட சீனவெடி மாதிரி. திறப்புவெடி எண்டு சொன்னால் வேலையும் விளங்கும். அணைக்கிறதுக்கு எங்களிட்ட நூர்த்தல் எண்ட சொல் இருக்கு, விளக்கை நூர் எண்டுதானே வீட்டில சொல்லுறனாங்கள், நூர்ப்பான் எண்டு ஒரு பெயர் வைச்சால் எனக்கு நல்ல விருப்பம், மற்ற ஊர் ஆக்களுக்கு விளங்காது எண்டுதான் விட்டு வைச்சிருக்கிறன்.

ஆகச் சோதிக்கிறது நெருப்பை இல்லை, நெருப்பைக் கண்டு சொல்லுற அந்தக் குழாயளை, இங்கிலீசில அந்த வேலைக்கு ஃபயர் டிடெக்சன் எண்டு பெயர். டிடெக்சன் எண்டதும் லத்தீன்தான், மூடியைத் திறக்கிறது எண்ட கருத்து. காட்டி எண்டு வைக்கலாம், ஆனால் வேதியியல்ல பாசிச்சாயத்தாளுக்கு அந்தப் பெயரைக் குடுத்தாச்சு. உணரி சரி. நெருப்போ தீயோ எண்டால், கதைக்கேக்க எனக்கு நெருப்புத்தான் வாயில வரும், பெயர் வைக்கேக்க தீ சுருக்கம். தீயுணரி. முழுசாச் சொன்னால் துணைவலு இயந்திரத் தீயுணரிச் சோதனை. தீயுணரி எண்ட சொல்லை மட்டும் விட்டிடாதேங்கோ, அதை விட்டால் அம்மம்மா கேட்ட கேள்வி திரும்ப வரும்.

பலாலிக்கு இந்தப் பெயரைக் கொஞ்சம் மாத்தோணும். 2019 ஒக்டோபர் 17 திறந்த எங்கட எயார்போட்டுக்குச் சென்னையில இருந்து வாற ஏடிஆர் 72இல ஏ.பி.யூவே இல்லை. வலது பக்க எஞ்சினை ஓட விட்டு, விசிறியை மட்டும் பிரேக் போட்டுப் பிடிச்சு வைச்சு அதிலயே கரண்டும் காத்தும் எடுப்பினம், அதுக்கு ஹோட்டல் மோட் எண்டு பெயர். அந்த எஞ்சினுக்கும் ரெண்டு லூப் இருக்கு, அதையும் காக்பிட்டில இருந்து இதே மாதிரிக் கூப்பிட்டுப் பாப்பினம். அங்க முன்சொல்லை எடுத்திட்டு, எஞ்சின் தீயுணரிச் சோதனை எண்டால் காணும்.