எக்மோ போடச் சம்மதம் கேட்டால்: நோயாளிக்கும் குடும்பத்துக்கும் என்னென்ன உரிமை உண்டு?

ஐசியூ வாசலுக்கு டாக்டர் வந்து, “வென்டிலேட்டர் மட்டும் போதவில்லை, எக்மோ போட வேண்டும், கையெழுத்துப் போடுங்கள்” என்கிறார். யோசிக்கப் பத்து நிமிடம் கிடைத்தாலே பெரிய விஷயம். அந்தப் பத்து நிமிடத்திலும், அதற்குப் பின் வரும் நாட்களிலும் எதையெல்லாம் கேட்கலாம் என்று முன்பே தெரிந்திருப்பது நல்லது.

முதலில் கருவியைப் பார்ப்போம். தொடையிலோ கழுத்திலோ உள்ள பெரிய ரத்தக்குழாயில் தடித்த குழாயைச் செருகி, ரத்தத்தை வெளியே எடுத்து, பம்ப் மூலம் ஒரு செயற்கை நுரையீரலுக்குள் செலுத்துகிறார்கள். அங்கே கார்பன் டை ஆக்சைடு நீங்கி, ஆக்சிஜன் ஏறி, ரத்தம் உடம்புக்குத் திரும்புகிறது. கட்டிலருகே நின்றால் கண்ணுக்கே தெரியும்: வெளியே வரும் குழாயில் கருஞ்சிவப்பு, உள்ளே போகும் குழாயில் பளிச்சென்ற சிவப்பு. பெரியவர்களுக்கு நிமிடத்துக்குச் சுமார் 3 முதல் 5 லிட்டர் வரை இப்படிச் சுற்றும். நுரையீரலுக்கு மட்டும் துணை வேண்டுமென்றால் சிரையில் (இதயத்துக்கு ரத்தம் திரும்பும் குழாய்) எடுத்துச் சிரையிலேயே விடுவார்கள். இதயமும் தளர்ந்திருந்தால் தமனியில் (இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் குழாய்) விடுவார்கள். எக்மோ நோயைக் குணமாக்காது. உறுப்பு தேறிவரும் வரை, அல்லது மாற்று உறுப்பு கிடைக்கும் வரை, உயிரைத் தாங்கிப் பிடிக்கும்.

சரி, உரிமைக்கு வருவோம். உலக மருத்துவச் சங்கம் 1981-இல் லிஸ்பன் நகரில் நோயாளிகளின் உரிமைகள் பற்றி ஒரு பிரகடனம் வெளியிட்டது. 1995-இல் அதைத் திருத்தியது. இது சட்டமல்ல. நோயாளிக்காக யார் கையெழுத்திடலாம் என்பதை அந்தந்த நாட்டுச் சட்டம்தான் சொல்லும். ஆனால் ஒரு மருத்துவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இது நல்ல அளவுகோல்.

பிரகடனத்தின்படி, நோயாளிக்கு நினைவு இருந்தால் முடிவு அவருடையது. மயக்கத்தில் இருந்தால், சட்டப்படி அவருக்காகப் பேசக்கூடியவரின் சம்மதத்தைக் கேட்க வேண்டும். அப்படி யாரும் இல்லாமல், சிகிச்சையும் அவசரம் என்றால், சம்மதம் இருப்பதாகவே கொண்டு மருத்துவர் செயல்படலாம். ஆனால் அந்தச் சூழலில் சிகிச்சை வேண்டாம் என்று நோயாளி முன்பே உறுதியாகச் சொல்லியிருந்தால் அது பொருந்தாது. இங்கேதான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. கையெழுத்திடுபவர் தன் விருப்பத்தைச் சொல்ல அங்கே நிற்கவில்லை. “அப்பா இப்போது பேச முடிந்தால் என்ன சொல்வார்?” என்பதற்குத்தான் பதில் சொல்கிறார்.

அந்தப் பதிலைச் சொல்ல விவரம் வேண்டும். விவரம் கேட்பதும் உரிமைதான். எக்மோ எதற்காக, எத்தனை நாளைக்கு, உறுப்பு தேறாவிட்டால் அடுத்து என்ன என்று கேளுங்கள். ஆபத்துகளையும் கேளுங்கள். குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுப்பதால் ரத்தக்கசிவு வரலாம். பக்கவாதம், நோய்த்தொற்று, தொடையில் குழாய் செருகிய காலுக்கு ரத்தம் போகாமை ஆகியவையும் வரலாம். பிழைக்கும் வாய்ப்பு நோயைப் பொறுத்து மாறும். மாரடைப்பால் இதயம் செயலிழந்த 420 பேரிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், உடனே எக்மோ போட்ட குழுவில் 30 நாளுக்குள் 47.8 சதவீதம் பேரும் வழக்கமான சிகிச்சை பெற்ற குழுவில் 49 சதவீதம் பேரும் இறந்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே “இவருக்கு இது எந்த வகையில் உதவும்?” என்று கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம்.

எந்தக் கட்டத்திலும் வேறு மருத்துவரின் கருத்தைக் கேட்கலாம் என்றும் பிரகடனம் சொல்கிறது. பத்து நிமிடத்தில் அது நடக்காது. போட்ட பிறகு தாராளமாகக் கேட்கலாம். கருவிகள் குறைவாக இருந்து ஆட்களைத் தேர்வு செய்ய வேண்டி வந்தால், மருத்துவக் காரணங்களை மட்டும் வைத்துப் பாகுபாடின்றி முடிவெடுக்க வேண்டும்.

அப்புறம், கையெழுத்துப் போட்டதோடு பேச்சு முடிந்துவிடாது. போடும்போதே, “எந்த நாளில் உட்கார்ந்து மறுபடி பேசுவோம்?” என்று கேட்டுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். என் கருத்தில் படிவத்தைவிட முக்கியமானது அந்தத் தேதி. உறுப்பு தேறவில்லை, மாற்று உறுப்புக்கும் வழியில்லை என்றால் கருவியை நிறுத்துவது பற்றிப் பேச்சு வரும். அதற்கான நடைமுறை நாட்டுக்கு நாடு வேறு. ஆனால் வலியும் மூச்சுத்திணறலும் இல்லாமல் கண்ணியமாக விடைபெற உதவி கேட்பது, எங்கிருந்தாலும் நோயாளியின் உரிமை.

தேறி வீடு திரும்புபவர்கள், எந்த ரத்தக்குழாயில் குழாய் இருந்தது, எத்தனை நாள் இருந்தது என்று மருத்துவக் குறிப்பில் எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். குழாயை எடுத்த பிறகும் அந்த இடத்துச் சிரையில் ரத்தம் உறையலாம். பின்னால் கால் வீங்கினால், புதிதாகப் பார்க்கும் டாக்டர் முதலில் தேடுவது அந்த ஒரு வரியைத்தான்.