கரண்ட் போனது ஒரு நொடி, காட்சி போனது ஒரு நிமிடம்

தூறல்தான். குடை விரிக்கும் அளவுகூட இல்லை. சிங்கப்பூரில் ஓர் உயர்நிலைப் பள்ளித் திடலில் அணிவகுப்பு இசைக்குழுப் பிள்ளைகள் காட்சியின் நடுப்பகுதியை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று சிந்தசைசர் என்ற மின்னணு இசைப்பலகையின் அடிக்குரல் காணாமல் போனது. மரக்கட்டைகளைக் குச்சியால் தட்டி வாசிக்கும் மரிம்பாவில் கை ஓடுவது கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்கு எட்டவில்லை. டிரம் வரிசை மட்டும் நிற்கவில்லை.

மின்பலகைக்கு ஓடினேன். புல்லில் கிடந்த எக்ஸ்டென்ஷன் வயரின் இணைப்பில் ஈரம் இறங்கி, மின்கசிவு கண்டால் கரண்டை வெட்டும் ஆர்சிசிபி சுவிட்ச் விழுந்திருந்தது. ஈர வயரைக் கழற்றி வேறொன்றை மாற்றி, சுவிட்சைத் தூக்கிவிட்டேன். ஸ்பீக்கர்கள் உடனே விழித்துக்கொண்டன. எல்லா ஒலியையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் டிஜிட்டல் மிக்ஸர் அப்படி விழிக்காது, அது கணினி மாதிரி. பூட் ஆகும் வழியில் அது கிளப்பிய 'டம்' என்ற சத்தத்தில் மரிம்பா வாசித்த பிள்ளை கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டுவிட்டாள். தப்பு என்னுடையது. ஸ்பீக்கர்களை அணைத்துவிட்டுத்தான் சுவிட்சைத் தொட்டிருக்க வேண்டும். சுவிட்ச் போடும்போது ஸ்பீக்கர் கடைசி, அணைக்கும்போது அதுவே முதல். மற்றவர்களுக்கு இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிற பாடம் இது.

கரண்ட் போனால் என்ன செய்வது என்று யோசிக்கச் சொன்னதற்கு, "சிங்கப்பூர்ல ஏது அண்ணே கரண்ட் கட்டு?" என்று பொறுப்பாசிரியர் முன்பே கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். 2004 ஜூனில் இயற்கை எரிவாயு வரத்து தடைப்பட்டு தீவின் ஒரு பெரும்பகுதி இருண்டது. 2018 செப்டம்பர் 18 அதிகாலையில் சுமார் 146,000 வீடுகளிலும் கடைகளிலும் மின்சாரம் போய், 38 நிமிடத்தில் திரும்பியது. இப்படி ஆண்டு சொல்லி நினைவுகூரும் அளவுக்குத்தான் இங்கே மின்தடை. ஆனால் நான் பார்த்த கரண்ட் கட்டுகளில் பெரும்பாலானவை மேடையிலிருந்து நூறு மீட்டருக்குள் நாங்களே உண்டாக்கியவை. காலில் இடறிய ப்ளக், நனைந்த இணைப்பு, பெட்ரோல் தீர்ந்த ஜெனரேட்டர்.

ஆர்சிசிபியைத் திட்டுகிறவர்கள் உண்டு. போகிற மின்னோட்டமும் திரும்புகிற மின்னோட்டமும் சமமாக இல்லையென்றால், மிச்சம் யார் உடம்பு வழியாகவோ தரைக்குப் போகலாம் என்று அது முடிவு கட்டுகிறது. அதற்கான அளவு வழக்கமாக 30 மில்லி ஆம்பியர். சிந்தசைசர், லேப்டாப், ஸ்பீக்கர் ஒவ்வொன்றின் பவர் சப்ளையும் இயல்பாகவே துளித்துளியாகக் கசியவிடும். பத்துப் பன்னிரண்டு கருவிகளை ஒரே சுற்றில் மாட்டினால் பாதிக் கோட்டா அங்கேயே போய்விடும். மிச்சத்தைத் தூறல் பார்த்துக்கொள்ளும். ஆகவே சுற்றுகளைப் பிரியுங்கள், இணைப்புகளைத் தரையிலிருந்து உயர்த்துங்கள். ஆர்சிசிபியைத் தவிர்த்து வயர் இழுக்கும் 'ஐடியா' மட்டும் வேண்டவே வேண்டாம்.

அமெரிக்காவின் டிரம் கோர்ஸ் இன்டர்நேஷனல் நடத்தும் அணிவகுப்பு இசைக்குழுப் போட்டிகளில் 2004-இல் ஒலிபெருக்கத்தையும் 2009-இல் மின்னணு இசைக்கருவிகளையும் அனுமதித்தார்கள். அங்கே ஒரு காட்சியே எட்டு முதல் பன்னிரண்டு நிமிடம்தான். மிக்ஸர் பூட் ஆக ஒரு நிமிடம் என்றால் கணக்கு நீங்களே போடுங்கள். அதனால் நான் எல்லாவற்றையும் பேட்டரியில் மாட்டச் சொல்வதில்லை. மிக்ஸர், லேப்டாப், சிந்தசைசர், வயர்லெஸ் ரிசீவர் ஆகிய மூளைப் பகுதி மட்டும், கரண்ட் போனதும் பேட்டரிக்கு மாறிக்கொள்ளும் யூபிஎஸ்ஸில் இருக்கட்டும். நாலும் சேர்ந்து 200 வாட் சுமாருக்குத்தான் இழுக்கும். ஸ்பீக்கர் செத்தால் உயிர்ப்பிக்க ஒரு நொடி போதும்.

யூபிஎஸ் வாங்கி, கருவிகளைத் தள்ளும் வண்டிக்கடியில் வைத்துவிட்டு மறந்துபோவதுதான் அடுத்த சங்கடம். நம் ஊர் வெக்கையில் ஈய பேட்டரி சீக்கிரம் தளர்ந்துவிடும். மாதம் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ப்ளக்கைப் பிடுங்கிச் சோதிக்காதீர்கள், எர்த் அறுந்துபோகும். சுவரில் உள்ள சுவிட்சை அணைத்தால் போதும். மலிவான ஜெனரேட்டரின் கரண்ட் ஏறி இறங்கினால் யூபிஎஸ் அதை நம்பாது. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியைக் குடித்துத் தீர்த்துவிடும். அங்கே கரண்டைச் சீராகத் தரும் இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் வேண்டும். எர்த் இணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஜெனரேட்டரில் நியூட்ரலை எர்த்தோடு முறையாகச் சேர்க்காவிட்டால் ஆர்சிசிபி பெயருக்குத்தான் இருக்கும்.

இப்போதெல்லாம் நான் கொண்டுபோவது 1 கிலோவாட்-மணி லித்தியம் பெட்டி. புகை இல்லை, இரைச்சல் இல்லை, மூளைப் பகுதியை மூன்று நாலு மணி நேரம் தாங்கும். வெளிநாட்டுப் போட்டிக்கு மட்டும் தூக்க முடியாது. 160 வாட்-மணிக்கு மேற்பட்ட பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள்.

உறுமி வாசிக்கும் என் மாமா இதையெல்லாம் பார்த்துச் சிரிப்பார். "எங்களுக்கு ப்ளக்கே வேணாம்டா" என்பார். அவர் உறுமியின் தோலும் தூறலில் தொய்ந்துதான் போகும் என்பதைச் சொல்லமாட்டார்! இடி இடித்தால் இதில் எதுவும் செல்லாது. மூட்டையைக் கட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டியதுதான்.

அந்த மரிம்பாப் பிள்ளைக்கு வருகிறேன். மைக் இருக்கிற தைரியத்தில் மென்மையான நூல் சுற்றிய குச்சியால் வாசிப்பார்கள். மைக் செத்தால் அது பத்தடி தாண்டாது. அதனால் கெட்டியான குச்சி ஒரு ஜோடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்றேன். சிந்தசைசரின் அடிக்குரலை, டியூபா என்ற பெரிய ஊதுகருவி வாசிப்பவர்களுக்கும் எழுதிக் கொடுத்தார் பயிற்றுநர். அடுத்த வாரம், யாரிடமும் சொல்லாமல், ஒத்திகை நடுவே எல்லா மைக்கையும் மிக்ஸரில் மூடினேன். டிரம் வரிசை ஓடியது. மூன்றாவது தாளக்கட்டில் மரிம்பா மறுபடி கேட்டது. முடிந்ததும் அவள் வந்து, "அங்கிள், நீங்கதானே ஆஃப் பண்ணீங்க?" என்றாள்.

"தூறல்" என்றேன். வானம் பளிச்சென்று இருந்தது.