மெல்லப் பாடினால் குரல் வரவில்லையா? இளம் சோப்ரானோக்களுக்கு

பாடகர்களின் தொண்டையைப் பார்ப்பதுதான் என் வேலை. ஓபரா என்னும் மேற்கத்திய இசை நாடகத்தில் இப்போதுதான் பெயரெடுக்கத் தொடங்கியிருக்கும் சோப்ரானோக்கள், அதாவது உச்சஸ்தாயிப் பெண் பாடகிகள், அடிக்கடி வருவார்கள், பெரும்பாலும் முப்பது வயதுக்குள். அநேகமாக எல்லோரும் சொல்வது இதுதான்: "சத்தமா பாடினா நல்லாத்தான் இருக்கு டாக்டர். மெல்ல பாடினாத்தான் வரமாட்டேங்குது."

இதைக் கேட்டதுமே பாதி விஷயம் புரிந்துவிடும். பெண்களின் குரல் நாண்களில் அதிரும் பகுதி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளம்தான். 440 ஹெர்ட்ஸ் சுரத்தைப் பாடினால் அவை நொடிக்கு 440 முறை ஒன்றோடொன்று மோதும். சோப்ரானோவின் மேல் 'சி'க்குப் போனால் ஆயிரத்துக்கு மேல். மைக் கிடையாது. முழு ஆர்கெஸ்ட்ராவையும் தாண்டி அந்தக் குரல் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும். அளவு மீறினால் மோதும் இடம் வீங்கிவிடும். வீங்கிய நாணையும் காற்றை வேகமாகத் தள்ளி அதிரவைத்துவிடலாம்; அதனால்தான் சத்தமாகப் பாடும்போது குறை தெரிவதில்லை. மெல்லப் பாடும்போது இடுக்கில் காற்று கசியும், சுரம் தாமதமாகக் கிளம்பும்.

அதனால் எல்லோரிடமும் ஒரு சோதனை செய்யச் சொல்வேன். பிறந்தநாள் வாழ்த்துப் பாட்டின் முதல் வரியை, உங்களால் முடிந்த உயரத்தில், முடிந்தவரை மெல்லப் பாடுங்கள். காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை. நேற்று வந்த சுரம் இன்று வரவில்லை, அல்லது முதலில் காற்றும் அப்புறம் குரலும் வருகிறது என்றால் அன்றைக்கு ஓய்வு. சில நாளாகியும் அப்படியே இருந்தால் குரல் மருத்துவரிடம் ஸ்ட்ரோபோஸ்கோப்பி, அதாவது மின்னும் ஒளியில் நாண்களின் அதிர்வைப் பார்க்கும் சோதனை, செய்து பார்த்துவிடுங்கள். நாணில் முடிச்சே விழுந்திருந்தாலும் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் குரல் பயிற்சிச் சிகிச்சையிலேயே சரியாகும், கத்தி வைப்பது கடைசி வழிதான்.

சரி, ஏன் இந்த வயதில்? என்னிடம் வந்த ஒரு பாடகியைச் சொல்கிறேன். மொஸார்ட்டின் ஓபராக்களில் சுசானா, பமீனா என்று இலகுவான பாத்திரங்களில் நல்ல பெயர் வாங்கியவர். திடீரென்று புச்சினியின் 'மடாம் பட்டர்ஃபிளை'க்கு அழைப்பு. கதாநாயகிக்குக் கதையில் 15 வயது, அதனால் இளம் பாடகி பொருத்தமென்று கேட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த இசை முதிர்ந்த குரலுக்கானது. மேடைக்கு வந்தபின் கதாநாயகிக்கு ஓய்வே அதிகம் இல்லை. இவர் மூன்று வாரத்தில் பாடம் செய்து, எல்லா ஒத்திகையிலும் முழுக்குரலில் பாடியிருக்கிறார். அரைக்குரலில் ஒத்திகை பார்க்கும் 'மார்க்கிங்'கை யாருமே சொல்லவில்லை. கடைசி வாரம் காய்ச்சல். பாடினால்தான் சம்பளம். யாரோ ஸ்டீராய்டு ஊசி போட்டிருக்கிறார்கள். அது வீக்கத்தை அடக்கும், கூடவே எச்சரிக்கையையும் அடக்கிவிடும். இரண்டாவது இரவு நடுப்பாட்டில் குரல் அறுந்தது. உள்ளே பார்த்தால் ஒரு நாண் முழுக்க ரத்தக்கட்டு. உடம்புவலிக்கு ஆஸ்பிரினும் விழுங்கியிருந்தார், அது ரத்தம் உறைவதைத் தடுக்கும். ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது என்றேன். தாளில் எழுதிக் காட்டினார்: "அடுத்த மாதம் ஆடிஷன்."

புகழ்பெற்ற சோப்ரானோ மரியா காலாஸ் 25 வயதில், 1949இல் வெனிஸில், வாக்னரின் கனமான புரூன்ஹில்ட பாத்திரத்தைப் பாடிய சில நாளிலேயே பெல்லினியின் நுணுக்கமான எல்விராவையும் பாடினாரே என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் அவர் கடைசியாக ஓபரா மேடையேறியது 1965இல், 41 வயதில். நான் உதாரணமாகக் காட்டுவது நார்வே பாடகி கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாட்டை. 1913இல் மேடையேறியவர், ஆபரெட்டா என்னும் சிறு இசை நாடகங்களும் இலகுவான பாத்திரங்களுமாகவே கிட்டத்தட்ட இருபது ஆண்டு பாடினார். வாக்னரின் கனமான இசோல்டே பாத்திரத்தை முதலில் பாடியது 1932இல், 36 வயதில். நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபரா அரங்கத்துக்கு வந்தது 1935இல். அந்த இருபது ஆண்டை வீண் என்று யார் சொல்வார்கள்? ஏஜென்டுகளும் ஆசிரியர்களும் இதைப் படித்தால் மிகவும் மகிழ்வேன். 25 வயதுப் பெண் தனியாக நின்று 'வேண்டாம்' என்று சொல்வது எவ்வளவு கஷ்டமென்று எனக்குத் தெரியும்.

அந்தப் பாடகி மூன்று மாதம் கழித்து வந்தார். பிறந்தநாள் வாழ்த்து வரியைப் பாடச் சொன்னேன். நூல் போல மெல்லிசாக, காற்றுக் கசியாமல் வந்தது. வேறொரு அரங்கம் மறுபடி பட்டர்ஃபிளைக்கு அழைத்திருக்கிறதாம். பமீனா கொடுத்தால் வருகிறேன் என்று பதில் போட்டிருக்கிறார்.